பத்து வருட இலக்கு: தோட்டத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாடசாலை மண்டபத்துக்குப் பேச வருகிறவர்கள், பெரிதாக நினையுங்கள், விடாமல் முயற்சி செய்யுங்கள் என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல பேச்சுத்தான். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருந்தால் என்ன செய்வது என்று அவர்களில் ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தவள் நான். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் பலர் பாதியில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆசையிலும் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. ஒருத்திக்கு நேர்முகக் கடிதம் பிந்தி வந்தது. ஒருவனுக்குக் கட்டணம் கட்டவேண்டிய மாதத்தில் கையில் காசில்லை. இன்னொருவனுக்கு வயதெல்லை தாண்டிவிட்டது. அதனால் இதில் கடதாசி, காசு, திகதி இந்த மூன்றையும் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். குடும்பத்தில் முதல் ஆளாக ஆசிரியர், சட்டத்தரணி, பட்டதாரி, தொழில்நுட்பவியலாளர் என்று ஏதோ ஒன்றுக்குப் புறப்படுகிறவர்களுக்கு இது.

1. எந்த வாசல் என்று எழுதுங்கள்

"டீச்சராகணும்" என்பது ஆசை. அதற்கு வாசல்கள் வேறு வேறு. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துத் தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போவது ஒன்று. நம் பக்கத்தில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. பட்டம் முடித்து ஆசிரிய சேவைக்கு விண்ணப்பிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் தகுதி வேறு, வயதெல்லை வேறு, செலவு வேறு. எந்த வாசலால் போகப் போகிறீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

சட்டத்தரணியை எடுத்துக்கொள்வோம். கடைசிப் படி உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். அதற்கு முன் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் தொழில் பயிற்சி. அதற்கு முன் சட்டக் கல்லூரிப் பரீட்சைகள். அதற்கு முன், ஒன்றில் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை அல்லது சட்டமாணிப் பட்டம். பட்டம் இருந்தாலும் சட்டக் கல்லூரிப் பரீட்சையையும் பயிற்சியையும் முடிக்காமல் வழக்காட முடியாது. எல்லாவற்றுக்கும் முன் ஏ.எல். வேலை செய்துகொண்டே படிப்பவர் ஏ.எல். தொடக்கம் கறுப்புக் கோட்டு வரை எட்டு, ஒன்பது வருடம் ஒதுக்கவேண்டும். மூன்று வருடத்தில் முடியும் என்று நினைத்துத் தொடங்குகிறவர்தான் நாலாம் வருடம் மனம் விட்டுப்போகிறார்.

தகுதியை அண்ணன் சொன்னார், டியூஷன் சேர் சொன்னார் என்று எழுதாதீர்கள். அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. தமிழிலும் இருக்கும், இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் வாசலுக்குரிய கடைசி அறிவித்தலைத் தேடி எடுத்து, தகுதி, வயது, முடிவுத் திகதி மூன்றையும் அதே சொற்களில் கொப்பியில் எழுதுங்கள். வயது பெரும்பாலும் விண்ணப்ப முடிவுத் திகதியை வைத்துத்தான் கணக்கிடப்படும். ஒரு நாள் கூடினாலும் கூடினதுதான்.

2. கடதாசிகளை இப்போதே சரிபண்ணுங்கள்

மிக அதிகம் காலம் தின்கிற படி இதுதான். விண்ணப்பம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் அந்த விண்ணப்பம் கைவிட்டுப் போகும். படிப்பு தொடங்கும் முன்னமே இதைத் தொடங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேற்றுச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றைப் பாயில் வரிசையாக விரித்து வையுங்கள். உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த திகதி மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் முத்துலெட்சுமி, பாடசாலை இடாப்பில் முத்துலட்சுமி, அடையாள அட்டையில் லெச்சுமி. அப்பா ஒரு இடத்தில் ராமையா, இன்னொரு இடத்தில் பெருமாள் ராமையா. சிங்களத்தில் எழுதிய பதிவைத் தமிழுக்குத் திருப்பும்போது இன்னொரு எழுத்து மாறும், ஆங்கிலத்துக்குப் போகும்போது மற்றொன்று. லயத்தில் எல்லாருக்கும் நம்மைத் தெரியும் என்பதால் இதெல்லாம் ஒரு விஷயமாகவே படாது. கவுன்டரில் இருக்கிறவர், "இவர்தான் உங்க அப்பான்னு நான் எப்பிடிம்மா நம்புறது?" என்று கேட்கும்போதுதான் தெரியும். அவர் கேட்பதிலும் பிழையில்லை.

திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் பிறப்புச் சான்றிதழ், அப்புறம் அடையாள அட்டை, அதன் பிறகே பரீட்சைச் சான்றிதழ். மாறிச் செய்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை அலைய நேரும். திருத்தம் முடியும்வரை, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்திருக்கலாம். சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் ஏற்கமாட்டார்கள். அது தற்காலிகம்தான்.

பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்கப் பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் தெரிந்திருந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் தேட வேண்டும்; கட்டணமும் கூடும், நாளும் கூடும். பழைய பிரதி ஒன்று தகரப் பெட்டிக்குள் கிடக்கிறதா என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள். பிறப்பே பதியப்படவில்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிளினிக் அட்டை, தோட்ட வைத்தியசாலைப் பதிவு, பாடசாலை அனுமதி இடாப்பு என்று கிடைக்கும் பழைய ஆதாரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது.

அடையாள அட்டை 15 வயது முடிந்தவுடன் எடுக்கலாம். பாடசாலையில் படிப்பவர் அதிபர் வழியாகவும், மற்றவர் ஜி.எஸ். (கிராம சேவகர்) வழியாகவும் விண்ணப்பிக்கலாம். புகைப்படத்தை அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில்தான் எடுக்கவேண்டும். போனில் எடுத்து அச்சடித்தது செல்லாது. அவசரம் என்று பத்தரமுல்லைக்கு பஸ் ஏறும் முன், ஒருநாள் சேவை கிட்டடியில் எங்காவது இருக்கிறதா என்று டி.எஸ். ஆபீஸில் (பிரதேச செயலகத்தில்) கேளுங்கள்.

இன்னும் சில:

நுவரெலியா மாவட்டத்தில் முன்பிருந்த ஐந்து பிரதேச செயலகங்களுக்கு மேல் நோர்வூட், தலவாக்கலை போன்றவை புதிதாக வந்திருக்கின்றன. அப்பா காலத்தில் போன ஆபீஸ் இன்று உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். எந்தப் பிரிவு என்று ஜி.எஸ்.இடம் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம்.

வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரும் பெற்றோர் பெயரும் வருடாவருடம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மாவட்டத்துக்காரர் என்று பின்னாளில் காட்ட அதைக் கேட்பார்கள்.

மூலப் பிரதியை லெமினேட் பண்ணாதீர்கள். முத்திரையையும் பின்பக்கத்தையும் சரிபார்க்க முடியாது என்று திருப்பிவிடும் இடங்கள் உண்டு. நம் பக்கத்துப் பனிக்கும் கூரை ஒழுக்குக்கும், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையில் படாத பெட்டியில் வைத்தால் போதும். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

சிங்களப் படிவத்தை நீட்டினால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். நுவரெலியா மாவட்டத்துப் பிரிவுகள் இரு மொழியிலும் நிர்வாகம் நடக்கவேண்டியவை என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. குரலை உயர்த்தவேண்டிய தேவையே இல்லை, "ஐயா, தமிழ் பாரம் ஒண்ணு தாங்க" என்றால் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள்.

3. ஒரு நம்பகமான முகவரி

தோட்ட ஆபீஸுக்கு வரும் கடிதம் உங்கள் கைக்கு எப்போது வரும் என்பது, அன்று யார் பையைத் திறக்கிறார், உங்கள் கணக்குக்கு (தோட்டப் பிரிவுக்கு) யார் போகிறார் என்பதையெல்லாம் பொறுத்தது. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் கேட்கவே வேண்டாம். நேர்முகம் முடிந்த பிறகு கடிதம் கிடைத்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். இதை வெறும் அதிர்ஷ்டக் கேடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் முறை மாறும்வரை காத்திருக்கவும் முடியாது.

டவுனில் கடை வைத்திருக்கிற உறவினர், படிப்பித்த ஆசிரியர், கோயில் ஐயர், பாதிரியார் என்று நிரந்தரமாக ஓரிடத்தில் இருக்கும் ஒருவரிடம் அனுமதி கேட்டு, 'அவர் பார்த்து' (c/o) என்று போட்டு அந்த முகவரியைக் கொடுங்கள். பத்து வருடத்துக்கும் அதே முகவரி இருந்தால் நல்லது. வதிவிடத்தை நிரூபிக்கும் இடத்தில் மட்டும் உங்கள் தோட்ட முகவரியே வரவேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் அனுப்புவதெல்லாம் பதிவுத் தபாலில். பற்றுச்சீட்டை விண்ணப்பப் பிரதியோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். போன் இலக்கத்தை மாற்றாதீர்கள். சலுகை டேட்டாவுக்காக வருடத்துக்கொரு சிம் போடுகிறவர்களுக்குக் கடவுச்சொல் குறுஞ்செய்தி பழைய இலக்கத்துக்குத்தான் போகும். விண்ணப்பங்கள் இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான் என்பதால் மின்னஞ்சலை நீங்களே திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள். கொம்யூனிகேஷன் கடைத் தம்பி திறந்து தந்த மின்னஞ்சல் அவர் கையில்தான் இருக்கும்.

4. காசு

பாடநெறிக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு, "சமாளிக்கலாம்" என்று சொல்லாதீர்கள். கட்டணம் ஒரு பங்குதான். போக்குவரத்து, இழக்கும் நாட்சம்பளம், போட்டோ கொப்பியும் டேட்டாவும், வெளியூரில் தங்கினால் அறையும் முற்பணமும் என்று மீதியெல்லாம் சத்தமில்லாமல் வரும்.

நாட்சம்பளத்தை உதாரணத்துக்குப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாயை வைத்துக்கொண்டால், ஒரு பெயர்த் திருத்தத்துக்கு நாலு தடவை டி.எஸ். ஆபீஸுக்குப் போகிறவர் 5,400 ரூபாய் இழக்கிறார். பஸ்ஸும் சாப்பாடும் தனி. கட்டணம் சில நூறு ரூபாய்தான் என்று சொல்லுகிறவர்கள் இந்த நாலு நாள் சம்பளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் அலையும் நாட்களைக் குறைக்கச் சொல்கிறேன். போகும் முன் போன் பண்ணி, உரிய உத்தியோகத்தர் இருக்கிறாரா, என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரதி இரண்டு கேட்டால் நாலு கொண்டுபோங்கள். இரண்டு வேலைகளை ஒரே நாளில் வையுங்கள்.

சேமிப்புக்கு உங்கள் சொந்தப் பெயரில், தேசிய சேமிப்பு வங்கியிலோ தபாலகத்திலோ தனிப் புத்தகம் ஒன்று திறக்கவேண்டும். வீட்டுச் செலவுக் கணக்கோடு சேர்த்து வைத்த காசு கல்யாண வீட்டுக்குப் போய்விடும். சீட்டு நல்லதுதான், தெரிந்த ஆட்கள் கொஞ்சப்பேர் சேர்ந்து பிடிப்பதாக இருந்தால். கட்டணம் கட்டும் மாதத்தில் உங்கள் முறை வரும்படி முதலிலேயே பேசி வையுங்கள்.

இனி, மாட்டிக்கொள்ளும் இடங்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வரும்போது பெரிய தொகைதான், ஆனால் அடுத்தடுத்த மாதங்களில் சம்பளத்தில் வெட்டுவார்கள். அந்த மாதங்களில் ஒரு தவணை விழுந்தால் கட்ட முடியாது. நாட்காட்டியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் குறியுங்கள். வாரத் தவணைக் கடனில் படிக்கத் தொடங்காதீர்கள். படிப்பு சம்பளம் தர வருடக்கணக்காகும், தவணைக்காரர் அடுத்த திங்களே வாசலில் நிற்பார். அப்பாவின் ஊழியர் சேமலாப நிதியை நம்பியும் திட்டம் போடாதீர்கள். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான் அது வழமையாகக் கிடைக்கும். இடையில் 30 வீதம் எடுக்கும் ஏற்பாடு வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் உரியது.

அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலுக்கு அல்லது நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானத்தை உறுதிப்படுத்தும் கடதாசி தேவை, அதை ஜி.எஸ். வழியாக முன்கூட்டியே எடுங்கள். முதல் கொடுப்பனவு கைக்கு வர மாதங்கள் ஆகலாம் என்பதால் ஆரம்பச் செலவுக்குக் கையில் காசு இருக்கவேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் உண்டு; பாட எண்ணிக்கையைக் குறைத்து எடுத்தால் அந்த வருடச் செலவும் குறையும். ஆனால் பட்டம் நீளும். எது முடியுமோ அதைச் செய்யுங்கள், நீள்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

5. நாட்காட்டி

ஒரு மாதத்தை நம்பி பத்து வருடத் திட்டம் போடக்கூடாது. 2021 ஏ.எல். நடந்தது 2022 பெப்ரவரியில். 2022க்குரியது 2023 ஜனவரியில். 2023க்குரியது 2024 ஜனவரியில். 2024க்குரியது அதே வருடம் நவம்பரில் தொடங்கி, மழை வெள்ளத்தால் இடையில் நின்று மறுபடி நடந்தது. ஆகவே ஒவ்வொரு படிக்கும் நினைத்ததைவிட ஆறு மாதம் கூட்டிப் போடுங்கள்.

ஏ.எல். எழுதப்போகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள்தான். பெரும்பாலான பாடநெறிகளில், இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைப்படி, 55 வீதம் மாவட்டப்படி, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன, கண்டியும் மாத்தளையும் இல்லை. படித்த பாடசாலையும் வதிவிடமும் எந்த மாவட்டம் என்பதைப் பார்த்துத்தான் இது கணக்கிடப்படும். நல்ல டியூஷன் என்று கொழும்புக்கோ கண்டிக்கோ பாடசாலை மாறும் முன் இதை உட்கார்ந்து யோசியுங்கள்.

பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை நீண்ட இடைவெளி விழும். அந்தக் காலத்தில் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய் அப்படியே தங்கிவிடுகிறவர்கள் அதிகம். வேலைக்குப் போங்கள், காசு வேண்டும். கூடவே ஆங்கிலமோ சிங்களமோ, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் ஒன்றோ முடித்துவிடுங்கள். இரண்டு மொழியும் பேச வந்தால் கவுன்டரில் செலவாகும் நேரமே பாதியாகக் குறையும்.

6. வாரத்தில் எத்தனை மணி

லய அறையான காம்பராவில் டிவி, அடுத்த காம்பராவில் ரேடியோ, மழை நாளில் தகரக் கூரை. அங்கே படிக்க முயன்று மனமுடையாமல் வேறிடம் பாருங்கள். பாடசாலை வகுப்பறை, வாசிகசாலை, கோயில் மண்டபம் எதுவானாலும் சரி. திறப்பு வைத்திருப்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுப்பதற்கு) முன் ஒரு மணித்தியாலம், ஞாயிறு முழுக் காலை. அதிகம் கொழுந்து வரும் மாதங்களில் இதுவும் முடியாது, அதை இப்போதே கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

7. வீட்டில் பேசுங்கள்

எத்தனை வருடம், மாதம் எவ்வளவு வீட்டுக்குத் தரமுடியும், எந்த மாதங்களில் தரமுடியாது என்று அப்பா அம்மாவிடம் எண்களோடு சொல்லுங்கள். "நான் படிக்கணும்பா" என்று மட்டும் சொன்னால் சண்டையாகும். "ரெண்டாயிரம் குறையும், மார்ச் வரைக்கும்" என்றால் பேச்சு வேறு மாதிரிப் போகும். பெண் பிள்ளைகள் கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்பே, எந்தப் படி முடியும்வரை வேண்டாம் என்று சொல்லி வைப்பது நல்லது. பெரியம்மா, மாமா என்று வீட்டில் யார் சொன்னால் எடுபடுமோ அவரை முதலில் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. காசு கேட்டு வருகிறவர்கள்

ஆறு மாதத்தில் பட்டம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு தனியார் நிறுவனத்தில் சேரும் முன், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பாருங்கள். தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கெம்பஸ் இடம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இசட் புள்ளிக்கு (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் ஏ.எல். புள்ளிக்கு) வெளியே அப்படி ஒரு வழி இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

9. வருடத்துக்கு ஒருமுறை கொப்பியைத் திறங்கள்

தைப்பொங்கல் விடுமுறையில் ஒரு மாலை போதும். முதல் பக்கத்தில் எழுதிய வாசலின் தகுதி இந்த வருட வர்த்தமானியில் மாறியிருக்கிறதா, வயதெல்லைக்கு எத்தனை வருடம் மிச்சம், எந்தக் கடதாசி இன்னும் கைக்கு வரவில்லை, சேமிப்புப் புத்தகத்தில் எவ்வளவு என்று பாருங்கள்.

இரண்டு வருடம் ஒரே படியில் நின்றால் வாசலை மாற்றும் நேரம். மூன்று தடவையிலும் இசட் புள்ளி போதவில்லையென்றால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்திய மாகாணத்துக்குக் கண்டி பொல்கொல்லையில் அதன் பிராந்திய நிலையம். ஏ.எல். இல்லாதவர்களும் அங்கே அடிப்படைக் கற்கைநெறியில் தொடங்கிப் பட்டம்வரை ஏறலாம். கண்டியிலும் பதுளையிலும் உள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கைத்தொழில் தெரிந்தவர், தெரிந்த வேலையைக் காட்டி, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தொழிற் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அந்தத் தகைமையில் ஐந்து, ஆறாம் மட்டம் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டம். பெறுபேறு வந்த கிழமையே இவற்றின் முடிவுத் திகதிகளைத் தேடுங்கள். அழுதுமுடித்துத் தேடலாம் என்று விட்டால் பெரும்பாலும் அந்த வருடத்து விண்ணப்பம் மூடியிருக்கும்.